அஞ்சா, ஒன்பதா?

சாக்ஸ் பின்னுற வகுப்புல டீச்சர் மைக் வேணாம்னுட்டாங்க, காது சரியாக் கேக்காத எனக்கு ஒண்ணும் புரியலன்னு ஞாயித்துக்கிழமை ராத்திரி போட்ட ரெண்டு வரிக்கு இன்பாக்ஸ்ல இன்னும் பஞ்சாயத்து ஓயல. "பாவம், நல்ல மனுஷங்க, அப்படி எழுதியிருக்க வேணாம்"ங்கிறீங்க. நல்ல மனுஷங்கதான். யாரு இல்லேன்னா? மைக்கைக் கையில எடுங்கன்னுதானே சொன்னேன்.

பெங்களூரு இந்திராநகர் ஹால். பின்னல்காரங்க மாநாடு. நான் காசு கட்டிப் போனது சாக்ஸ் குதிகால் வகுப்புக்கு. மைக் நீட்டினாங்க, டீச்சர் வேணாம்னு கைய ஆட்டினாங்க, ஏதோ சொன்னாங்க, முப்பது பேரும் சிரிச்சாங்க. என்னன்னு பக்கத்துல கேட்டேன். "ஒண்ணுமில்ல, விடுங்க."

சத்தம் பத்தலேங்கிறது இல்லைங்க என் பிரச்சினை. எனக்குப் போனது மேல் ஸ்தாயி. ஸ, ஷ, த, ஃப மாதிரி மெல்லிசான ஒலி எதுவும் வந்து சேராது. நீங்க கத்தினா ஆ, ஈ, ஓ மட்டும் பெரிசா வரும். இலக்கணப்படி சொன்னா, உயிர் வருது, மெய் வரல. மிச்சத்தை உங்க உதட்டைப் பார்த்து நிரப்பிக்கிறேன். அதுலயும் படமும் மடமும் உதட்டுல ஒண்ணுதான்.

இப்ப பின்னலுக்கு வாங்க. டீச்சர் குனிஞ்சு, ஊசியைப் பார்த்துக்கிட்டே பேசுறாங்க. வாய் ஒரு இடம், கை ஒரு இடம். எனக்கு இருக்கிறது ஒரு ஜோடிக் கண்ணு. கையைப் பார்த்தா பேச்சு போச்சு, வாயைப் பார்த்தா பின்னல் போச்சு. சொல்லிட்டுக் காட்டுங்க, இல்ல காட்டிட்டுச் சொல்லுங்க. ரெண்டையும் சேர்த்துச் செய்யாதீங்க. இவ்வளவுதான் நான் கேட்டது.

64 ஸ்டிச் (ஊசியில நிக்கிற கண்ணி) சாக்ஸ், அதுல பாதி 32 குதிகாலுக்கு. திருப்புற வரிசையில ஒண்ணு ஸ்லிப் (பின்னாம அடுத்த ஊசிக்கு மாத்துறது), அஞ்சு பர்ல் (நூலை முன்னாடி வச்சுப் போடுற கண்ணி), ரெண்டைச் சேர்த்து ஒரு பர்ல், இன்னொரு பர்ல், திருப்பு. அவங்க ஃபைவ்னு சொன்னது எனக்கு நைன்னு விழுந்தது. ரெண்டுலயும் உயிர் ஒண்ணுதானே. (விமானிங்க ரேடியோல நைனை "நைனர்"னு இழுக்கிறது சும்மா இல்ல.) நான் ஒன்பது போட்டேன். குதிகால் ஒரு பக்கமா கோணிக்கிட்டுப் போச்சு. இதையெல்லாம் ஒரு ஜெராக்ஸ் தாள்ல அடிச்சுக் கொடுத்திருக்கலாம். ரெண்டு ரூபா.

"காதுக்கு மெஷின் மாட்டியிருக்கீங்களே?" மாட்டியிருக்கேன். அது கண்ணாடி மாதிரி இல்லம்மா. டீச்சர் பேச்சோட சேர்த்து நாற்காலி இழுக்கிறது, ஃபேன், பின்வரிசையில சிப்ஸ் பாக்கெட் பிரிக்கிறது, எல்லாத்தையும் பெரிசாக்கித் தரும்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே?" ஃபாரத்துல 'சிறப்புத் தேவை'ங்கிற இடத்துல நாலு வரி எழுதினேன். பதிலுக்கு ஒரு சிவப்பு இதயம் வந்தது. பத்திரமா வச்சிருக்கேன்.

"போன்ல பேச்சை எழுத்தாக்குற ஆப் இருக்கே?" இருக்கு. இங்கிலீஷ்ல ஆரம்பிச்சு, கன்னடத்துல திரும்பி, ஹிந்தில முடியிற பெங்களூரு வாக்கியத்தைப் பார்த்தா அதுக்கே தலை சுத்துது. அதுவும் கண்ணுக்கு மூணாவது இடம்.

"சேவையா செய்றாங்க." 1,800 ரூபா கட்டினேன். அடுத்தது.

மாற்றுத்திறனாளி சர்ட்டிபிகேட் பத்தியும் ஒருத்தர் கேட்டிருந்தார். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி ரெண்டு காதுலயும் 60 டெசிபெல் இழப்பாவது இருக்கணும். எனக்கு ஒண்ணு 65, இன்னொண்ணு 55. ஆக சட்டத்துக்கு என் காது நல்லாக் கேக்குது. வாழ்த்துகள் எனக்கு.

எனக்குப் பின்னல் சொல்லிக்கொடுத்தது அல்சூர்ல எதிர்வீட்டு ஆன்ட்டி. காது போக ஆரம்பிச்ச வருஷம் அது. அவங்க வீட்டுக்காரர் தறி மில்லுல முப்பது வருஷம் நின்னவர், அவருக்கும் கேக்காது. தறிச் சத்தத்துல யாருக்குக் கேக்கும்? மில்லுக்காரங்க உதட்டாலேயே பேசிப் பழகினவங்க. ஆன்ட்டி அதே பழக்கத்துல ஒரு வரிசை சொல்லுவாங்க, என் முகத்தைப் பார்ப்பாங்க, நான் தலையாட்டினதும்தான் ஊசியைத் தொடுவாங்க. எந்தப் பயிற்சிப் பட்டறையும் போகாதவங்க. என் முதல் ஸ்வெட்டருக்குக் கை ஒண்ணு நீளம், அது வேற கதை.

ஆன்ட்டி போய் ஆறு வருஷம் ஆச்சு. வீட்டுலயும் இப்ப "அப்புறம் சொல்றேன்"தான். சாப்பாட்டு மேசையில அப்பாவும் பொண்ணும் சிரிப்பாங்க, நானும் சேர்ந்து சிரிச்சு வைப்பேன். அந்த அப்புறம் வந்ததே இல்ல. அவங்களுக்கு அது அஞ்சு செகண்ட் ஜோக். திரும்பச் சொன்னா ருசி போயிடுமாம். எனக்கு முதல் தடவையே ருசி இல்லியே? சரி, இதை இங்க எழுதுறது அவங்களுக்குப் பிடிக்காது. எழுதிட்டேன்.

குதிகாலைப் பிரிச்சாச்சு. 32 ஸ்டிச்சும் ஊசியில திரும்ப ஏறி உக்காந்திருக்கு. அன்னைக்கு அந்த ஹால்ல இருந்தவங்க யாராவது இதைப் படிச்சா, அது என்ன ஜோக்குன்னு கமெண்ட்ல எழுதுங்க. எழுதினாப் போதும், படிச்சுக்குவேன்.