ஃபில் காலின்ஸ் பார்த்ததாகச் சொல்லப்படும் அந்தக் கொலை

ஆங்கிலேயப் பாடகரும் டிரம்மருமான ஃபில் காலின்ஸின் ‘இன் த ஏர் டுநைட்’ பாட்டைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு கதை சுற்றுகிறது. நீரில் மூழ்கும் ஒருவரைக் காப்பாற்றாமல் இன்னொருவர் கரையில் நின்று வேடிக்கை பார்த்தாராம். அதைக் கண்ட ஃபில் காலின்ஸ், பின்னர் அந்த ஆளைத் தன் கச்சேரிக்கு வரவழைத்து, முகத்தில் விளக்கடித்து இந்தப் பாட்டைப் பாடினாராம்.

அப்படி எதுவும் நடக்கவில்லை. 1981 ஜனவரியில் வெளிவந்த இந்தப் பாட்டு, அவருடைய முதல் திருமணம் முறிந்த கோபத்தில் பிறந்தது. வரிகளில் பெரும்பகுதி பாடும்போதே வாயில் வந்தவை என்று காலின்ஸே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். வதந்திக்கு விதை எது என்றால், ‘நீ மூழ்குவதாகச் சொன்னாலும் கை கொடுக்க மாட்டேன்’ என்ற பொருளில் வரும் ஒரு வரி. அதுவும் ‘சொன்னாலும்’ என்ற ஒரு பேச்சுக்குத்தான், சரியா? மூழ்கியது யாருமில்லை. 2000-இல் வந்த, அமெரிக்க ராப் பாடகர் எமினெமின் ‘ஸ்டான்’ பாட்டிலும் இந்தக் கதை தலைகாட்டியது. அப்புறம் இளசுகளும் நம்பத் தொடங்கினார்கள்.

என்னைக் கேட்டால், பாட்டின் உண்மையான மர்மம் டிரம்ஸ்தான். மூன்றரை நிமிடத்துக்கு மேல் டிரம் மெஷின் மெல்லத் தட்டிக்கொண்டே இருக்கும். திடீரென்று நிஜ டிரம்ஸ் இடிபோல் இறங்கும். எதிரொலியைப் பெரிதாக்கி, சட்டென்று வெட்டிவிடும் அந்த உத்தி, பாடகர் பீட்டர் கேப்ரியலின் 1980 ஆல்பப் பதிவின்போது காலின்ஸும் ஒலிப்பதிவாளர் ஹியூ பாட்காமும் கண்டெடுத்தது.