தூக்கி அடி

ஞாயிற்றுக்கிழமை காலை, இங்கிலாந்துக்கே உரிய தூறல். ஒன்பது வயதுப் பையன்கள் அணிக்கு ஏழு பேராகக் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். என் மகனின் அணியில் இடது பக்கப் பின்வரிசையில் ஆடுகிற குட்டையான பையனிடம் பந்து வந்தது. அவனுக்குப் பத்தடி பின்னால் சொந்தக் கோல். எதிரணிப் பையன் ஒருவன் பாய்ந்து வந்தான். இவன் பதறவில்லை. உள்ளங்காலைப் பந்தின்மேல் வைத்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். வந்தவன் வந்த வேகத்தில் வழுக்கிக்கொண்டு போனான். நான் கைதட்டப் போனேன். அதற்குள் கோட்டோரத்தில் நின்ற பெற்றோர் ஒரே குரலில் கத்தினார்கள்: "தூக்கி அடி!"

பையன் திகைத்து எங்களைத் திரும்பிப் பார்த்தான். அந்த ஒரு நொடியில் இன்னொருவன் பந்தைப் பறித்துக் கோல் போட்டுவிட்டான். "அப்போதே சொன்னோமே" என்ற பாவனையில் ஓர் அப்பா தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த முறை பந்து வந்தபோது பையன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வேலிக்கு அப்பால் போகும்படி ஓங்கி ஓர் உதை. பலத்த கரவொலி.

இவ்வளவு பணம், இவ்வளவு ரசிகர்கள், உலகமே பார்க்கிற லீக் எல்லாம் இருந்தும் இந்த நாட்டின் ஆண்கள் அணி 1966க்குப் பிறகு 2024 வரை ஒரு பெரிய கோப்பையையும் வெல்லவில்லை. ஏன் என்று அலுவலகத்தில் கேட்டால் அணியின் மேலாளரைத் திட்டுவார்கள், பெனால்டியைத் திட்டுவார்கள், நடுவரைத் திட்டுவார்கள். எனக்கு அந்த வேலியைத் தாண்டிய பந்துதான் நினைவுக்கு வருகிறது. இங்கே பந்து என்பது காலில் வைத்துக்கொள்ள வேண்டிய பொருள் அல்ல. அது ஆபத்து. சீக்கிரம் கைகழுவ வேண்டும்.

அந்தப் பையன் உள்ளங்காலால் இழுத்தானே, அதே இழுப்பை 1953 நவம்பர் 25 அன்று வெம்ப்லியில் ஹங்கேரியின் புஸ்காஸ் செய்தார். இங்கிலாந்து கேப்டன் பில்லி ரைட் பந்தைப் பறிக்கச் சறுக்கினார். அங்கே பந்து இல்லை. புஸ்காஸ் திரும்பிக் கோல் அடித்தார். ஆட்டம் 6-3. ஐரோப்பியக் கண்டத்து அணி எதுவும் அதுவரை இங்கிலாந்தை அதன் மண்ணில் வென்றதில்லை. ஆறு மாதம் கழித்து புடாபெஸ்டில் 7-1. இரண்டு அடி வாங்கிய பிறகு எவருக்கும் புத்தி வந்திருக்க வேண்டும். கொஞ்சம் வந்தது, நிலைக்கவில்லை.

அதற்கு ஒரு கணக்கரும் காரணம். சார்ல்ஸ் ரீப் விமானப்படையில் கணக்கராக இருந்தவர். 1950 முதல் ஆட்டங்களுக்கு நோட்டும் பென்சிலுமாகப் போய் ஒவ்வொரு பாஸையும் குறித்துவைத்தார். பெரும்பாலான கோல்கள் மூன்று பாஸுக்குள் விழுகின்றன என்று கண்டார். ஆகவே பந்தைச் சீக்கிரம் முன்னால் அனுப்பு என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் குறித்த ஆட்டங்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது தாக்குதல் மூன்று பாஸுக்குள் முடிந்தவை. அப்படியானால் கோல்களிலும் பெரும்பங்கு அப்படித்தானே வரும்? கூர்ந்து பார்த்தால், எண்ணிக்கையில் குறைவான நீண்ட தாக்குதல்கள்தான் தங்கள் பங்குக்கு மேலாகக் கோல் தந்திருக்கின்றன. கணக்கரே கணக்கில் கோட்டைவிட்டார். இதே நேரடி ஆட்டக் கொள்கையைக் கால்பந்துச் சங்கத்தின் பயிற்சித் துறைக்குத் தலைமை தாங்கிய சார்ல்ஸ் ஹியூஸும் பின்னாளில் வலியுறுத்தினார். சங்கமே சொன்னால் பள்ளி ஆசிரியர் என்ன செய்வார், ஞாயிற்றுக்கிழமை அப்பா என்ன செய்வார்?

சரி, ஜெர்மனிக்கு வருவோம். 2000 ஐரோப்பியக் கோப்பையில் இங்கிலாந்தும் ஜெர்மனியும் ஒரே பிரிவு. இங்கிலாந்து ஜெர்மனியை 1-0 என வென்றது. ஆனால் இரண்டு நாடுகளுமே அந்தப் பிரிவோடு வீடு திரும்பின. இங்கே அந்த ஒரு வெற்றியைப் பேசியே நாளை ஓட்டினார்கள். ஜெர்மானியர்கள் கூனிக் குறுகிப் போனார்கள். கிளப்புகள் இளம் வீரர்களை வளர்க்கும் அகாடமி நடத்தியே ஆக வேண்டும் என்று விதி போட்டார்கள். நாடு முழுக்கச் சிறுவர்களுக்கான பயிற்சி மையங்களைத் திறந்தார்கள். 2010 உலகக் கோப்பையில் இருவரும் மீண்டும் சந்தித்தபோது ஜெர்மனிக்கு 4-1 வெற்றி. அந்த ஆண்டு வெளிவந்த எண்ணிக்கை அதைவிட வலித்தது: ஐரோப்பியக் கால்பந்துச் சங்கத்தின் உயர்நிலை உரிமம் பெற்ற பயிற்சியாளர்கள் ஜெர்மனியில் ஏறத்தாழ 35,000, ஸ்பெயினில் 24,000, இங்கிலாந்தில் 2,800. தப்பாகப் படித்துவிட்டேனோ என்று நான் மறுபடி பார்த்த எண் அது. 2014இல் ஜெர்மனி உலகச் சாம்பியன். இங்கிலாந்து தன் பிரிவில் கடைசி.

ஐஸ்லாந்தைச் சொல்லாமல் விட முடியவில்லை. 2016இல் மூன்றரை லட்சம் பேர்கூட இல்லாத தீவு. குளிரில் ஆட முடியாது என்று உள்ளரங்க மைதானங்கள் கட்டினார்கள். சின்னப் பிள்ளைகளுக்கும் உரிமம் பெற்ற, சம்பளம் வாங்குகிற பயிற்சியாளரை வைத்தார்கள். அந்த ஆண்டு ஐரோப்பியக் கோப்பையில் நீஸ் நகரில் இங்கிலாந்தை 2-1 என வெளியேற்றியபோது அவர்களின் இரு பயிற்சியாளர்களில் ஒருவர் பல் மருத்துவர்.

நியாயமாகச் சொன்னால், இங்கேயும் 2012இல் விழித்துக்கொண்டார்கள். அதற்கு முன் பத்து வயதுப் பிள்ளைகளைப் பதினொருவர் ஆட்டத்தில், பெரிய மைதானத்தில் இறக்கிவிடுவார்கள். இருபத்துநான்கு அடி அகலக் கோலில் நாலரை அடிக் கோல்கீப்பர் நிற்பான். தலைக்கு மேலே அடித்தால் கோல். எவனுக்கு உயரமும் உதையும் இருக்கிறதோ அவன்தான் நட்சத்திரம்; பாஸ் கொடுக்கத் தெரிந்தவன் குளிரில் ஓரமாக நடுங்கிக்கொண்டிருப்பான். அந்த மாற்றத்தில் முதலில் ஐந்து பேர், பிறகு ஏழு, ஒன்பது, பதின்மூன்று வயதுப் பிரிவில்தான் பதினொன்று என்று ஆனது. சின்னவர்களுக்கு லீக் பட்டியலும் கிடையாது. (பட்டியலை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அம்மா தவறாமல் தயாரிக்கிறார். அது வேறு கதை.)

ஐந்தே ஆண்டில் இளையவர்களிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. 2017 அக்டோபரில் கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இறுதி. ஸ்பெயினிடம் 2-0 பின்தங்கிய இங்கிலாந்துப் பையன்கள் ஒரு பந்தையும் பயந்து வீசவில்லை. ஃபோடன் என்ற ஒல்லிப் பையன் இரண்டு கோல். முடிவு 5-2. அதே ஆண்டு இருபது வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையும் இவர்களுக்கே.

ஆனால் பெரியவர்களின் ஆட்டத்தைப் பாருங்கள். 2018 உலகக் கோப்பை அரையிறுதியில் ஐந்தாவது நிமிடத்தில் கோல். பிறகு பின்வாங்கிப் பின்வாங்கிக் குரோஷியாவிடம் தோல்வி. 2021இல் வெம்ப்லியில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதியில் இரண்டாவது நிமிடத்தில் கோல். அதன் பிறகு இத்தாலியிடம் பந்தைக் கொடுத்துவிட்டுக் கோல் வாசலில் கூடி நின்றார்கள். கடைசியில் பெனால்டியில் தோல்வி. கால்களுக்கு இப்போது எல்லாம் தெரியும். காதுக்குள்தான் இன்னும் யாரோ "தூக்கி அடி" என்று கத்திக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொரு கோளாறும் உண்டு. இங்கே பள்ளி ஆண்டு செப்டம்பர் முதல் தேதி தொடங்குகிறது. வயதுப் பிரிவும் அதன்படிதான். எட்டு வயதில் பதினோரு மாத வித்தியாசம் என்றால் உயரத்திலும் பலத்திலும் தெரியும். எனவே அகாடமிகளில் செப்டம்பர், அக்டோபர் பிள்ளைகள் நிறைந்திருப்பார்கள். ஜூலை, ஆகஸ்ட் பிள்ளைகளைக் காண்பது அரிது. ஹாரி கேன் பிறந்தது ஜூலை 28. எட்டு வயதில் அவரை ஆர்சனல் கிளப் வேண்டாம் என்று அனுப்பியது. இங்கிலாந்துக்காக அதிகக் கோல் அடித்தவர் இன்று அவர்தான். கேன் திரும்பி வந்தார். திரும்பி வராத பிள்ளைகளின் பெயர் நமக்குத் தெரியப்போவதில்லை.

நான் மட்டும் யோக்கியன் இல்லை. அன்று பையனைப் பார்த்துக் கத்தவில்லை. அதற்கு முந்தைய வாரம் என் மகனைப் பார்த்து அதையேதான் கத்தியிருந்தேன். காரில் திரும்பும்போது அவன் ஒன்றும் பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது, "அப்பா, நீங்கள் சொல்வதைக் கேட்பதா, பயிற்சியாளர் சொல்வதைக் கேட்பதா?" என்று கேட்டான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. வழி தெரியாமல் கேட்டான்.

போன வாரம் பயிற்சியாளர் பெற்றோருக்குப் பேச்சுத் தடை போட்டார். கைதட்டலாம், வாய் திறக்கக் கூடாது. தலையில் அடித்துக்கொண்ட அப்பா கழுத்துத் துண்டின் முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றார். முதன்முறையாகப் பிள்ளைகளின் குரல் கேட்டது. "பின்னால் ஆள்", "திரும்பு", "இங்கே, இங்கே". ஆறு மாதமாகப் பார்க்கிறேன், இவர்கள் ஒருவரோடொருவர் பேசுவார்கள் என்றே எனக்குத் தெரியாது. அந்தக் குட்டைப் பையன் மூன்று முறை உள்ளங்காலால் இழுத்தான். ஒரு முறை பந்து பறிபோய்க் கோலும் விழுந்தது. எழுந்தவன் வழக்கம்போல் எங்கள் பக்கம் பார்த்தான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டு, பந்தை எடுக்கக் கோலுக்குள் ஓடினான்.