பெட் ஃபிலிமும் ஜூலை மாதமும்: அமெரிக்க மறுஆய்வில் நாம் எங்கே கோட்டை விடுகிறோம்

இந்தியாவிலிருந்து போகும் பெட் ஃபிலிமுக்கு, அதாவது பாக்கெட் செய்யும் பாலியஸ்டர் படலத்துக்கு, அமெரிக்கா மானிய எதிர் வரி உத்தரவு போட்டது 2002 ஜூலை 1-ஆம் தேதி. ஏற்றுமதி நாட்டு அரசு கொடுத்த மானியத்துக்கு ஈடாகப் போடும் வரி இது. தொழிலில் இருப்பவர்கள் சி.வி.டி. என்பார்கள். அன்றைக்கே ஆன்டி டம்பிங் உத்தரவும் வந்தது; அது அடிமாட்டு விலைக்கு விற்பதற்கு எதிரான வரி. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை 'இது இன்னும் வேண்டுமா' என்று அவர்களே கேட்டு, 'வேண்டும்' என்று அவர்களே நீட்டித்துக்கொண்டு வருகிறார்கள். அது போக, ஒவ்வொரு ஜூலையிலும் ஆண்டு மறுஆய்வுக்கு மனுக் கொடுக்கும் கதவு திறக்கும். அப்போதெல்லாம் நம் பக்கத்தில் கேட்கிற பேச்சு ஒன்றே ஒன்று: அமெரிக்காக்காரன் அநியாயம் செய்கிறான்.

செய்கிறான்தான். ஆனால் வரி விகிதத்தின் பெரும்பகுதியை அவன் எடுப்பது நம் கணக்குப் புத்தகத்திலிருந்தும் டெல்லி எழுதிய திட்ட விதிகளிலிருந்தும். ஏற்றுமதியாளருக்கு வரியைத் திருப்பித் தரும் ரோடெப் என்கிற ஒரு அரசுத் திட்டத்துக்கு மட்டும் ஒழுங்காகக் கணக்குக் காட்டியிருந்தால் வழக்கில் நம் கை எவ்வளவோ ஓங்கியிருக்கும் என்பது என் கட்சி. அதைச் சொல்லத்தான் இந்த நீளப் பதிவு. (2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் மேல் ஏற்றிய 50 சதவீத வரியை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வேறு சட்டம், வேறு சண்டை.)

முதலில் பொருள். முறுக்குப் பாக்கெட்டின் வெளிப்புறத்தில் அச்சு ஏறியிருக்கிற 12 மைக்ரான் படலம் இருக்கிறதே, அதுதான் பெட் ஃபிலிம். பி.டி.ஏ., எம்.இ.ஜி. என்ற இரண்டு வேதிப்பொருள்கள் சேர்ந்து உண்டாகும் பாலியஸ்டர் சிப்ஸை, அதாவது சிறு துண்டுகளை, 280 டிகிரி வாக்கில் உருக்கி, குளிர்ந்த உருளை மேல் விட்டு, நீளவாக்கில் மூன்று நான்கு மடங்கு, அகலவாக்கில் மூன்று நான்கு மடங்கு இழுத்து, சூட்டில் நிலைப்படுத்தி எடுப்பார்கள். 12 மைக்ரானில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 59 சதுர மீட்டர் வரும்.

எல்லா ஃபிலிமும் உத்தரவில் சிக்குவதில்லை. உலோகப் பூச்சு ஏறிய மெட்டலைஸ்டு ஃபிலிம் வெளியே. குறைந்தது ஒரு பக்கமாவது 0.00001 அங்குலத்துக்கு மேல், அதாவது கால் மைக்ரானுக்கு மேல், செயல்திறனைக் கூட்டும் பிசின் பூச்சோ கனிமப் பூச்சோ ஏறியிருந்தால் அதுவும் வெளியே. மை ஒட்டுவதற்காகக் கொரோனா என்ற மின் பாய்ச்சல் ஏற்றியது, வெறும் ப்ரைமர் (மெல்லிய அடிப்பூச்சு) தடவியது எல்லாம் உள்ளே. பூச்சின் கனத்துக்கு ஆய்வகச் சான்று இல்லாமல் 'கோட்டட்' என்று இன்வாய்ஸில் போட்டு அனுப்பினால், அங்கே இறக்குமதியாளர் 01 வகையில் (சாதாரண இறக்குமதி) பதிந்த சரக்கை சுங்கம் 03 வகைக்கு (இந்த வரிகள் உள்ள இறக்குமதி) மாற்றி, வட்டியும் அபராதமும் கேட்கும். வரி ஏய்ப்பு என்ற பெயரும் சேர்ந்து வரும்.

2001-இல் இந்த வரி கேட்டு மனுக் கொடுத்த 'அமெரிக்க உள்நாட்டுத் தொழில்' யார் என்று பார்த்தால் கொஞ்சம் சிரிப்பு வரும்: டுபாண்ட் டெய்ஜின், மிட்சுபிஷி, டோரே. மூன்றிலும் ஜப்பான் பணம். பிற்பாடு நம் பாலிப்ளெக்ஸ் அலபாமாவில் டெகேட்டரிலும், யூஃப்ளெக்ஸ் கென்டக்கியில் எலிசபெத்டவுனிலும் ஆலை போட்டன. ஆக, வரிச் சுவருக்கு இரண்டு பக்கமும் இந்திய முதலாளிகள் இருக்கிறார்கள்.

இனி மறுஆய்வின் இயந்திரம். இதைப் புரிந்துகொள்ளாமல் மீதி எதுவும் புரியாது. இந்தியாவிலோ ஐரோப்பாவிலோ இப்படி வரி போட்டால் துறைமுகத்தில் கட்டுவதோடு பெரும்பாலும் கணக்கு முடிந்தது. அமெரிக்காவில் துறைமுகத்தில் கட்டுவது வெறும் டெபாசிட். யாராவது மறுஆய்வு கேட்டால், அந்த ஆண்டின் சரக்குக்கான உண்மை விகிதம் பின்னால்தான் தீர்மானமாகும். யாரும் கேட்காவிட்டால் கட்டிய டெபாசிட்டே இறுதி வரி.

உதாரணத்துக்கு, ஒரு கன்டெய்னர் 40,000 டாலர், டெபாசிட் 5 சதவீதம் என்று வையுங்கள். இறக்குமதியாளர் 2,000 டாலர் கட்டி, ஃபிலிமை வாங்கி, விற்று, மறந்தும் போயிருப்பார். ஒன்றரை இரண்டு வருடம் கழித்து இறுதி விகிதம் 10 சதவீதம் என்று வந்தால் இன்னும் 2,000 டாலரும் வட்டியும் அவர் தலையில். அதனால்தான் அங்குள்ள வாங்குநர்கள் விலையைவிட 'நீங்கள் மறுஆய்வில் எப்படி பதில் சொன்னீர்கள்' என்பதையே அதிகம் விசாரிக்கிறார்கள். சிலர் 'இறக்குமதியாளராகவும் நீங்களே இருங்கள்' என்று ஏற்றுமதியாளர் தலையிலேயே கட்டிவிடுகிறார்கள். குறைந்த விகிதத்தைவிட நிலையான விகிதத்துக்குச் சந்தையில் மதிப்பு அதிகம். பலர் இதைப் பார்ப்பதில்லை.

சி.வி.டி.யில் ஆய்வுக் காலம் முந்தைய காலண்டர் ஆண்டு, ஜனவரி முதல் டிசம்பர் வரை. நம் நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச். முதல் கோளாறு இங்கேயே ஆரம்பிக்கிறது: இரண்டு நிதியாண்டுகளின் தணிக்கைக் கணக்கை வெட்டி ஒட்டி ஒரு காலண்டர் ஆண்டு செய்து, அது இரண்டு தணிக்கை அறிக்கைகளோடும் பைசா சுத்தமாகப் பொருந்துகிறது என்று காட்ட வேண்டும். மறுஆய்வு நடத்தும் அமெரிக்க வணிகத்துறை எல்லோரையும் விசாரிக்காது. சுங்கத் தரவிலிருந்து பெரிய ஏற்றுமதியாளர்கள் ஒன்றிரண்டு பேரைப் பிடிக்கும். அவர்களுக்கு வரும் விகிதத்தின் சராசரிதான் பொதுவாக மற்றவர்களுக்கு. தேர்வானவர் சொதப்பினால் அந்தச் சூடு தேர்வாகாதவர்மேலும் படலாம்.

வினாப்பட்டியலுக்குப் பதில் வாஷிங்டன் நேரம் மாலை 5 மணிக்குள் அவர்களின் இணைய வாயிலில் ஏறியிருக்க வேண்டும். நமக்கு அது கோடையில் அதிகாலை 2.30, குளிர்காலத்தில் 3.30. தாமதமாக ஏறியது கோப்பிலிருந்தே திருப்பி அனுப்பப்படும். அதன் பிறகு நடப்பதற்குப் பெயர் 'பாதகமான அனுமானம்'. பதில் சொல்லாத திட்டம் ஒவ்வொன்றுக்கும், அதே மாதிரித் திட்டத்துக்கு இதே வழக்கில் முன்பு வந்த உச்ச விகிதத்தைத் தேடி எடுத்து வைத்துக் கூட்டிக்கொண்டே போவார்கள். 2002 விசாரணையில் 'மற்ற எல்லோருக்கும்' வந்த விகிதம் 20.40 சதவீதம். ஒழுங்காகப் பதில் சொல்லி, மொத்த மானியம் 0.5 சதவீதத்துக்குக் கீழே வந்தாலோ விகிதம் சுழியமாகக் கருதப்படும். இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலான தூரத்தில் பெரும்பங்கு காகித வேலை.

இப்போது ரோடெப். ஏற்றுமதி மதிப்பில் சில சதவீதத்தை வெகுமதியாகத் தந்த இதற்கு முந்தைய திட்டமான எம்.இ.ஐ.எஸ். அப்பட்டமான ஏற்றுமதி மானியம். அதை யாரும் காப்பாற்றியிருக்க முடியாது. 2019 அக்டோபரில் உலக வர்த்தக அமைப்பின் குழுவும் அப்படித்தான் சொன்னது. 2021 ஜனவரி 1 முதல் அதன் இடத்துக்கு ரோடெப் வந்தது. இதன் தத்துவம் வேறு: ஜி.எஸ்.டி.க்குள் வராமல் சரக்கின் விலைக்குள் ஒளிந்திருக்கும் வரிகளைத் திருப்பித் தருவது. ஃபிலிம் ஆலைக்கு அது பொருந்தவும் செய்யும். லைன் ஓடுவது மின்சாரத்தில், அதில் மின்வரி. லாரி டீசலில் வாட். சொந்த மின் நிலையம் இருந்தால் அதன் எரிபொருளில் இன்னும் கொஞ்சம். இப்படி ஒளிந்திருக்கும் வரியை, கட்டிய அளவுக்கு மிஞ்சாமல் திருப்பித் தந்தால் உலக வர்த்தக விதிப்படி அது மானியமே இல்லை.

இங்கேதான் அந்தக் கொக்கி. உள்ளீடு எது, எவ்வளவு செலவானது, அதன்மேல் எவ்வளவு வரி கட்டப்பட்டது என்று சரிபார்க்க ஏற்றுமதி நாட்டு அரசிடம் நம்பகமான ஒரு முறை இருக்க வேண்டும், அது நடைமுறையிலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் மிஞ்சிய பகுதியை மட்டும் பிடிக்க மாட்டார்கள். கொடுத்தது முழுவதையும் மானியமாக எண்ணுவார்கள். எஃப்.ஓ.பி. மதிப்பில் (கப்பலில் ஏற்றும்வரையிலான விலையில்) 1 சதவீதம் ரோடெப் வாங்கினால் சி.வி.டி.யில் 1 சதவீதம் அப்படியே ஏறும். இந்தக் கையால் வாங்கி அந்தக் கையால் கொடுப்பது, நடுவில் வக்கீல் பீஸ் தனி.

ஏற்றுமதியாளருக்குச் சுங்க வரிக்கு ஈடு தந்த பழைய டி.இ.பி.பி. திட்டம் இதே காரணத்தால்தான் முழுசாக மானியமானது. உள்ளீட்டை வரியில்லாமல் இறக்கவிடும் அட்வான்ஸ் லைசென்ஸ் திட்டத்திலும் 'யார் எவ்வளவு பயன்படுத்தினார்கள் என்று உங்கள் அரசுக்கே தெரியாது' என்ற குறைதான் சொன்னார்கள். நாம் திட்டத்தின் பெயரை மாற்றினோம், சரிபார்க்கும் முறையை மாற்றவில்லை. ரோடெப் விகிதம் ஒரு குழு, தொழில் அமைப்புகளிடம் தரவு வாங்கி, சுங்க வரிசை எண்ணுக்கு ஒரு சதவீதம் என்று நிர்ணயித்தது. சராசரியில் அது நியாயமாகவே இருக்கலாம். ஆனால் குறிப்பிட்ட ஆலை கட்டிய வரியோடு அதை ஒப்பிடும் ஏற்பாடு ஆரம்பத்தில் இல்லை.

அந்த ஏற்பாட்டின் முதல் துண்டு 2024 அக்டோபரில் வந்தது: ஆண்டு ரோடெப் படிவம். ஒரு நிதியாண்டில் 1 கோடி ரூபாய்க்கு மேல் ரோடெப் கோருபவர்கள், தாங்கள் உண்மையில் கட்டிய வரிகளை எட்டு இலக்க வரிசை எண் வாரியாகக் காட்டி, அடுத்த மார்ச் 31-க்குள் தாக்கல் செய்ய வேண்டும். 2023-24-க்கான கெடு 2025 மார்ச் 31. ஏற்றுமதியாளர்கள் இதை இன்னொரு தொல்லைப் படிவமாகவே பார்க்கிறார்கள். கன்சல்டன்ட், வாங்கிய ரோடெப் தொகையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, வாங்கியதற்குச் சமமாக வரி கட்டியதாக நிரப்பித் தருகிறார். அதைவிட முட்டாள்தனம் கிடையாது. ஆலைக்கு வந்து பொதுப் பேரேட்டைத் திறந்து மின்கட்டண ரசீதோடு ஒப்பிடும் அமெரிக்க அதிகாரி முன்னால் அந்தப் படிவம் உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

டெல்லிக்கும் ஒரு வார்த்தை. வினாப்பட்டியல் நிறுவனத்துக்கு மட்டும் வருவதில்லை, இந்திய அரசுக்கும் வருகிறது. அரசு 'விதிகளை இணைத்துள்ளோம்' என்று சொல்லிவிட்டு மாதிரி ஆய்வுக் கோப்புகளைத் தராமல் விட்டால், நிறுவனம் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் அடி நிறுவனத்துக்குத்தான். ஆண்டுப் படிவங்களில் சிலவற்றை எடுத்து, ஆலைக்குப் போய்ச் சரிபார்த்து, அதிகம் வாங்கியவரிடம் திரும்ப வசூலித்த ஆணைகள் கையில் இருந்தால்தான் அது 'நடைமுறையில் உள்ள முறை'. இது ஃபிலிமோடு நிற்கவும் போவதில்லை. 2024-இல் நம் இறாலுக்கும் சி.வி.டி. தீர்மானம் வந்தது, பொது விகிதம் 5.77 சதவீதம்.

ஏற்றுமதிக்கான இயந்திரத்தைச் சுங்க வரியில்லாமல் இறக்கவிடும் இ.பி.சி.ஜி. திட்டம் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஃபிலிம் லைன் எல்லாம் வெளிநாட்டு இயந்திரம் என்பதால். மிச்சமான சுங்க வரியின் ஆறு மடங்கை ஆறு வருடத்தில் ஏற்றுமதி செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. அது நிறைவேறி விடுவிப்புக் கடிதம் வரும்வரை, மிச்சமான வரியை வட்டியில்லாக் கடனாக அமெரிக்கா எண்ணும். 6 கோடி மிச்சம், வட்டி 10 சதவீதம் என்றால் ஆண்டுப் பலன் 60 லட்சம். ஏற்றுமதி 600 கோடியாக இருந்தால் 0.10 சதவீதம். விடுவிப்பு வந்ததும் அந்த 6 கோடி கொடையாக மாறி, இந்தத் தொழிலுக்கு எடுக்கும் 10 வருட ஆயுளில் பரப்பப்படும். விடுவிப்பு ஆண்டின் ஏற்றுமதியில் 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அந்த ஒரே ஆண்டோடு தீர்ந்துவிடும். ஆகவே பழைய உரிமங்களை விடுவிக்காமல் அலமாரியில் போட்டு வைப்பது வீண் செலவு. பத்து வருடத்துக்கு முந்தைய ஒரு உரிமத்தைப் பட்டியலில் விட்டுவிட்டு, சரிபார்ப்பு நாளில் அது அகப்பட்டால் பாதகமான அனுமானம் நிச்சயம். சிறு திருத்தங்களைச் சரிபார்ப்பின் முதல் நாளே நீங்களாக எடுத்துக் கொடுத்தால் ஏற்பார்கள், அவர்களாகக் கண்டுபிடித்தால் ஏற்க மாட்டார்கள். சிப்ஸ் செய்து தரும் சகோதர நிறுவனத்தின் மானியமும் உங்கள் கணக்கில் சேரும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

ஆண்டுப் படிவத்துக்குத் திரும்புகிறேன். நிரப்பும்போது மின்சாரத்தை மொத்த ஆலைக்கும் பங்கு போடாமல், லைன் வாரியாகத் துணை மீட்டர் வைத்து எடுங்கள். உலோகப் பூச்சு ஏற்றும் மெட்டலைசர், ஃபிலிமை வெட்டும் ஸ்லிட்டர், சிப்ஸ் பிரிவு தனித்தனியாக இருக்கட்டும். ஃபிலிமை அகலவாக்கில் இழுக்கும் டெண்டர் இயந்திரத்தில் கிளிப் பிடித்த விளிம்பு வெட்டி எடுக்கப்பட்டு, பொடியாக்கி மறுபடி உருக்குக்குள் போகிறது. அதைக் கழிவு என்றும் எழுதிவிட்டு, திரும்ப வந்த சிப்ஸை உள்ளீட்டிலும் சேர்த்தால் ஒரே கிலோ இரண்டு தடவை எண்ணப்படும். இந்த விளிம்பின் அளவு லைனுக்கு லைன், மைக்ரானுக்கு மைக்ரான் மாறும். எனவே அரசின் பொது உள்ளீட்டு விதிப் பட்டியலிலிருந்து எண்ணை எடுக்காதீர்கள். ஷிஃப்ட் பதிவேட்டிலிருந்து எடுத்து, பதிவேட்டையும் ஐந்து வருடம் வைத்திருங்கள்.