சாவி ஆன்தியின் கையில்

'அடோலசென்ஸ் ஆஃப் உதேனா' பற்றிப் பேச்சு எடுத்தாலே, "கடைசியில் ஹீரோயின் காராக மாறிவிடுவாளே, அந்தப் படமா?" என்றுதான் கேட்கிறார்கள். ஆமாம், அதே படம்தான். அந்தக் காருக்காகத்தான் இந்தப் பதிவே. கதையை முடிவுவரை சொல்லப் போகிறேன். இனிமேல்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

1997இல் ஜப்பானில் 39 எபிசோடுகள் ஓடிய அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) தொடர் 'ரெவல்யூஷனரி கேர்ள் உதேனா'. சின்ன வயதில் அப்பா அம்மாவைப் பறிகொடுத்துத் தவித்த உதேனாவை ஓர் இளவரசன் தேற்றி, ரோஜா முத்திரை பதித்த மோதிரம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகிறான். இவளோ, நானும் ஓர் இளவரசன் ஆவேன் என்று தீர்மானித்துவிடுகிறாள். அவள் படிக்கும் ஓட்டோரி அகாடமியில் மாணவர் மன்றத்தினர் ரகசியமாக வாள்சண்டை போடுகிறார்கள். எதிராளி நெஞ்சில் குத்தியிருக்கும் ரோஜாவைத் தட்டிவிட்டால் வெற்றி. ஜெயித்தவருக்குப் பரிசு ஒரு பெண். அவள்தான் 'ரோஜா மணமகள்' ஆன்தி. யார் ஜெயித்தாலும் முகத்தில் மாறாத சிரிப்போடு அவர் பின்னால் போய் நிற்பாள்.

ஆன்தி கறுத்த நிறம், நெற்றியில் பொட்டு. பார்த்ததும் நம்ம ஊர்ப் பெண் என்றுதான் எனக்குத் தோன்றியது. கதை போகப் போக அவளைச் 'சூனியக்காரி' என்கிறார்கள். அத்தனை வெளுத்த முகங்களுக்கு நடுவே கறுத்தவளுக்கு மட்டும் அந்தப் பட்டம் கிடைப்பது இன்றைக்கும் உறுத்துகிறது. தொடர் மேல் எவ்வளவு பிரியம் இருந்தாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது.

தொடரின் கடைசியில் ஆன்தியே உதேனாவை முதுகில் குத்துகிறாள். ரத்தம் வழிய வழிய, உதேனா ஆன்தி அடைபட்டிருக்கும் கதவை வெறுங்கையால் நெம்பித் திறந்து அவளை நோக்கிக் கையை நீட்டுகிறாள். கைகள் தொட்டுக்கொள்கின்றன, ஆனால் பிடி நழுவிவிடுகிறது. அதோடு உதேனா மறைந்துபோகிறாள். பள்ளியும் அவளை மறந்துவிடுகிறது. ஆன்தியைத் தன் பிடியில் வைத்துச் சீரழித்துவந்த அண்ணன் அகியோ, ஒன்றுமே நடக்காததுபோல் அடுத்த ஆட்டத்துக்கு ஆயத்தமாகிறான். ஆன்தி தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அவன் மேசைமேல் வைத்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு உதேனாவைத் தேடிக் கிளம்புகிறாள்.

இப்படி முடிந்த தொடருக்கு மேல் என்ன எடுப்பது? 39 எபிசோடுகளையும் வெட்டி ஒட்டி ஒரு சுருக்கம் கொடுத்திருந்தால்கூட ரசிகர்கள் பார்த்திருப்பார்கள். இயக்குநர் குனிஹிகோ இகுஹாராவும் எழுத்தாளர் யோஜி எனோகிதோவும் 1999இல் வந்த இந்தப் படத்துக்கு அதே கதாபாத்திரங்களை வைத்து வேறொரு கதையையே உருவாக்கினார்கள். பள்ளிக் கட்டடங்கள் அந்தரத்தில் நகர்கின்றன, கரும்பலகைகள் தானாக ஓடுகின்றன. ஆன்தி முடியை அவிழ்த்துவிட்டு, கண்ணாடி இல்லாமல், தானே உதேனாவை நெருங்கி வருகிறாள். தொடரில் மாணவர் மன்றத் தலைவனாக இருந்த டோகா இங்கே ஏற்கெனவே செத்தவன். ரோஜாத் தோட்டத்தில் தண்ணீர் நிறைந்து, வானத்து நட்சத்திரமெல்லாம் காலடியில் தெரிய, இரண்டு பெண்களும் சேர்ந்து ஆடுகிறார்கள். மசாமி ஒகுயியின் பாட்டோடு வரும் அந்தக் காட்சிக்காக மட்டுமே படத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்ப்பேன்.

சரி, காருக்கு வருகிறேன். தொடரில் கார் அகியோவுடையது. மேல்மூடி இல்லாத சிவப்புக் கார். இரவில் மாணவர்களை ஒவ்வொருவராக அதில் ஏற்றிக்கொண்டு போய் ஆசை காட்டுவான். அதில் போய் வந்தவர்கள் அடுத்து வாளோடு வந்து நிற்பார்கள். பெரியவன் என்ற அவனுடைய அதிகாரம் முழுவதும் அந்த ஸ்டியரிங்கில் இருந்தது. படத்தில் அதே அகியோ கார் சாவியைத் தொலைத்துவிட்டுப் பதறுகிறான். தேடித் தேடிக் கிடைக்காமல் கடைசியில் ஜன்னல் வழியே விழுந்து சாகிறான். அப்புறம் உதேனா ஒரு கார் வாஷுக்குள் இழுக்கப்பட்டு இளஞ்சிவப்புக் காராக வெளியே வருகிறாள். ஓட்டுவது ஆன்தி!

தொடரில் உதேனா "உன்னை நான் காப்பாற்றுகிறேன்" என்றுதான் போராடினாள். அதில் எவ்வளவு அன்பு இருந்தாலும், ஆன்தி அங்கேயும் காப்பாற்றப்பட வேண்டியவளாகத்தான் இருந்தாள். படம் அந்த இடத்தில் கை வைக்கிறது. உதேனா தன்னையே கொடுக்கிறாள், ஆனால் ஓட்டிக்கொண்டு போக வேண்டியது ஆன்தியின் வேலை. ஆளுக்கு ஆள் கைமாறிக்கொண்டிருந்த பெண் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறாள். சக்கரம் வைத்த கோட்டையே நசுக்க வருகிறது. செத்துப்போன அகியோ இளவரசன் உருவில் வந்து திரும்பிப் போகலாம் என்று அழைக்கிறான். அவள் மறுத்துவிடுகிறாள். பள்ளிக்கு வெளியே பசுமை இல்லை, பாதைகூட இல்லை. இரண்டு பேரும் அதற்குள்தான் போகிறார்கள், இந்த முறை சேர்ந்து.

குறை இல்லாமல் இல்லை. மாணவர் மன்றத்து மிக்கிக்கும் ஜூரிக்கும் படத்தில் இடமே போதவில்லை. தொடரில் அவர்களை அறிந்தவர்களுக்குத்தான் அவர்கள் முகத்தில் என்ன ஓடுகிறது என்று தெரியும். டோகாவின் தங்கை நானமி மாடாக ஒரு நிமிடம் தலைகாட்டுவதோடு சரி. ஆனாலும் பழைய தொடரைத் திரும்ப எடுக்கிறவர்கள் பெரும்பாலும் பழைய காட்சிகளுக்கே மெருகேற்றிக் கொடுத்துவிட்டு ஒதுங்கும்போது, தங்கள் முடிவையே கேள்வி கேட்ட இந்தக் குழுவின் தைரியத்தைக் கொண்டாடத்தான் வேண்டும். உதேனாவுக்குக் குரல் கொடுத்த தொமோகோ கவகாமி 2011இல் இறந்துவிட்டார். அந்தக் குரலுக்காகவும் இதை எல்லாரும் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

தயவுசெய்து படத்தை முதலில் பார்க்காதீர்கள். 39 எபிசோடுகளையும் முடித்துவிட்டு வாருங்கள். குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்க முடியாது, அண்ணன் தங்கைக்குச் செய்யும் கொடுமை இரண்டிலும் வருகிறது. அதற்குத் தயாராகிக்கொண்டு பாருங்கள்.