முழுநிலவுக்கு மறுநாள் சூரிய கிரகணமா?

பழைய சாகசக் கதைகளில் உள்ள அறிவியல் பிழைகளைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். புதைமணல் மனிதனை முழுமையாக விழுங்கிவிடுவதாக அக்கதைகள் காட்டுவது தவறு என்று கட்டுரையாளர் சுட்டிக்காட்டியிருப்பது மிகச் சரி. புதைமணலின் அடர்த்தி மனித உடலின் அடர்த்தியைவிட ஏறத்தாழ இரு மடங்கு என்பதால், இடுப்பளவுக்கு மேல் ஒருவர் அமிழ்வது கடினம்.

ஆனால் ரைடர் ஹாகார்ட் 1885இல் எழுதிய 'சாலமன் அரசனின் சுரங்கங்கள்' நாவலையும் கட்டுரையில் சேர்த்திருக்க வேண்டும். அதன் முதற்பதிப்பில், முழுநிலவு காய்ந்த இரவுக்கு மறுநாளே சூரிய கிரகணம் வந்து கதாநாயகர்களைக் காப்பாற்றுகிறது. சூரிய கிரகணம் அமாவாசையன்றுதான் நிகழும் என்பதும், பௌர்ணமிக்கும் அதற்கும் இடையே இரண்டு வாரம் ஆகும் என்பதும் பஞ்சாங்கம் பார்க்கும் எந்த வீட்டிலும் தெரிந்த செய்தி. போதாக்குறைக்கு, ஓரிடத்தில் ஏழரை நிமிடத்தைத் தாண்டாத முழு இருள் அந்தக் கதையில் நெடுநேரம் நீடிக்கிறது. பிற்காலப் பதிப்புகளில் ஹாகார்டே அதைச் சந்திர கிரகணமாக மாற்றிவிட்டார்.

1985ஆம் ஆண்டுத் தீ விபத்துக்கு முன் சென்னை மூர் மார்க்கெட்டில் என் தந்தை வாங்கிய பழைய பிரதியில் திருத்தப்படாத கதையே இருக்கிறது. அட்டை கிழிந்து, தாள்கள் பழுப்பேறிவிட்ட அந்தப் புத்தகத்தில், கிரகணம் தொடங்கும் வரிக்கு அருகே, "நேற்றுப் பௌர்ணமி அல்லவா?" என்று அவர் பென்சிலால் எழுதிய குறிப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

டார்ஸான் கதையையும் மறக்கக் கூடாது. 1912இல் இதழில் வெளிவந்தபோது, புலியே இல்லாத ஆப்பிரிக்கக் காட்டில் புலி திரிந்தது. 1914இல் நூலானபோது அது பெண் சிங்கமாகிவிட்டது.