உக்கினது தென்னைக்கு, பம்பஸ் எங்கே?

வீட்டிலேயே பிரித்துக் கொடுத்தால் யாழ்ப்பாணத்தின் குப்பைப் பிரச்சினை பாதி தீரும் என்கிறது, நகரக் குப்பை கொட்டப்படும் கல்லுண்டாய் பற்றிய கட்டுரை. சரி, எங்கள் வீட்டில் பிரிக்கிறோம்தான். மீன் செதிலும் மரக்கறித் தோலும் வளவுக் கிடங்குக்குள் போகும். மேலே பூவரசங்குழை போட்டு மூடிவிட்டால் நாலைந்து மாதத்தில் தென்னைக்கு எரு. அம்மம்மா காலத்திலும் இதுதான் நடந்தது, அப்போது யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை.

சிக்கல் பிள்ளைகளுக்குக் கட்டும் பம்பஸும் சோறு சுற்றும் லஞ் சீற்றும்தான். பொலித்தீன் லஞ் சீற்றை 2017 செப்டெம்பரிலேயே தடை செய்தார்கள். போன கிழமையும் எனக்குச் சோற்றுப் பார்சல் அதில்தான் வந்தது! பிரித்துக் கட்டிய இரண்டு பையையும் குப்பை எடுக்க வந்தவர் உழவு இயந்திரப் பெட்டிக்குள் ஒன்றாகக் கொட்டினார். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். என்ன சொல்ல? வளவில்லாத மாடிவீட்டுக்காரர் சிலர் இருட்டினதும் ஒழுங்கை முடக்கில் எறிகிறார்கள், மிச்சத்தை நாய் பார்த்துக்கொள்ளும்.

எங்களுக்கு வற்றாத ஆறு இல்லை, கிணறுதான். கீழே சுண்ணக்கல், மேலே ஊறும் கழிவுநீர் அதன் வெடிப்புகளால் சுலபமாக இறங்கிவிடும். கல்லுண்டாயில் குவிவதைப் பற்றி இவ்வளவு எழுதியவர் இதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.