செய்ன் கரையில் ஒரு கோடை

ஓகஸ்ட் மாதத்தில் பாரிஸ் நகரத்தில் தங்கிவிடுபவர்களில் பலர் விடுமுறைக்குப் போக வசதியில்லாதவர்கள், அல்லது போனவர்களின் வேலையையும் சேர்த்துச் செய்பவர்கள். நகரின் வடக்கில், லா சப்பல் பகுதியில் வாழும் நம் தமிழர்களில் இரண்டு வகையினரும் உண்டு. பாதிக் கடைகள் பூட்டிக் கிடக்கும் அந்த வெக்கையில், உணவக அடுப்படியில் மதிய வேலை முடிந்து இரவு வேலை தொடங்கும்வரை கிடைக்கிற மூன்று மணி நேரத்தை எங்கே கழிப்பது என்று தெரியாமல் நான் பல கோடைகளைக் கடத்தியிருக்கிறேன். ஆகவே, செய்ன் ஆற்றங்கரையில் நடக்கும் ‘பாரிஸ் பிளாஜ்’ (பாரிஸ் கடற்கரை) என்ற கோடைக் கொண்டாட்டம் காசைக் கொட்டிக் கட்டுகிற பொம்மைக் கடற்கரை என்று யாராவது சொன்னால் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

2002ஆம் ஆண்டு, பேர்ட்ரான்ட் தெலனோயே மேயராக இருந்தபோது இது தொடங்கியது. செய்ன் ஆற்றின் வலக்கரையை ஒட்டி, 1967இல் திறக்கப்பட்ட விரைவுச் சாலையை ஒரு மாதத்துக்கு மூடி, கார்கள் ஓடிய தாரின் மேல் மணலைக் கொட்டி, சாய்வு நாற்காலிகளையும் ஈச்ச மரங்களையும் வைத்தார்கள். கார் ஓட்டுபவர்கள் கொதித்தார்கள். அவர்களின் சிரமத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ஓகஸ்ட் இறுதியில் மாணிக்க விநாயகர் தேர் வருவதற்காக லா சப்பலின் தெருக்கள் ஒரு நாள் மனிதர்களுக்கு விடப்படுவதையும், கற்பூரம் எரிய வழியெங்கும் தேங்காய் உடைபடுவதையும் கண்ட நமக்கு, சாலை என்பது வாகனத்துக்கு மட்டும் எழுதிவைத்த சொத்தல்ல என்பதைப் புதிதாக விளக்கத் தேவையில்லை. கோடைதோறும் மூடித் திறந்த அந்தச் சாலையின் நகர நடுப்பகுதி 2016இல் கார்களுக்கு நிரந்தரமாக மூடப்பட்டு, இன்று நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்காரர்களுக்கும் உரியதாக இருக்கிறது.

என் மனத்துக்கு நெருக்கமானது நகர நடுவில் இருக்கும் அந்தக் கரையன்று, 2007இல் கொண்டாட்டத்தோடு சேர்க்கப்பட்ட லா வில்லெத் நீர்த்தேக்கம். நெப்போலியன் காலத்தில் பாரிசுக்குக் குடிநீர் கொண்டுவர வெட்டிய ‘ஊர்க்’ (Ourcq) என்ற கால்வாயின் முனையில் அது இருக்கிறது; லா சப்பலில் இருந்து மெத்ரோவில் ஒரே ஒரு நிறுத்தம். 2017 முதல் அந்த நீரிலேயே ஆழம் வேறுபடும் மூன்று நீச்சல் பகுதிகளை மிதக்கவிட்டிருக்கிறார்கள், குளிக்க ஒரு சதமும் கட்ட வேண்டியதில்லை. மாலையில் கரையில் அக்கோர்டியன் ஒலிக்கும்போது, எழுபது வயதைக் கடந்த சோடிகள் காலணியைத் துடைத்துக்கொண்டு ஆட வருவார்கள். அவர்களுக்குப் பக்கத்திலேயே நம் பெண்கள் சேலைக் கரையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி கால் நனைக்க இடம் தேடுவார்கள்.

என் மகன் அங்கேதான் முதன்முதலாகக் கயாக் ஏறினான். மிதவைச் சட்டையின் பட்டி கழுத்தை உரசுகிறது என்று சிணுங்கியவன், துடுப்பை வலப்பக்கம் மட்டுமே போட்டுப் போட்டு அதே இடத்தில் மூன்று முறை சுற்றினான். பயிற்சி கொடுத்த பெண் இடப்பக்கம் கையைக் காட்டிக்கொண்டே இருந்தார். நான்காம் முறை படகு நேராகப் போனபோது அவன் திரும்பிப் பார்த்த முகம் எனக்கு இன்றும் மறக்கவில்லை. ஓடும் ஆறு என்று சொல்ல ஏதுமற்ற யாழ்ப்பாணத்தில், கீரிமலைக் கேணியில் நீந்தப் பழகிய எனக்கு, பிள்ளை தண்ணீருக்குப் பயப்படாமல் வளர வேண்டும் என்பது பெரிய விஷயம்.

செய்ன் ஆற்றில் குளிப்பதற்கு 1923 முதல் தடை இருந்தது. மேயராக இருந்த ஜாக் சிராக் அதில் தாமே நீந்திக் காட்டுவதாகச் சொன்னார், நீந்தவில்லை. கழிவுநீரும் மழைநீரும் ஒரே குழாயில் ஓடும் பழைய நகரம் இது; பெருமழை பெய்தால் குழாய் நிரம்பி ஆற்றில் வழியும். அதைத் தடுக்க, ஒஸ்தெர்லிட்ஸ் தொடருந்து நிலையத்தின் அருகே 50,000 கனமீற்றர் கொள்ளும் நிலத்தடித் தொட்டியை 2024 ஒலிம்பிக்குக்கு முன்பாகக் கட்டி முடித்தார்கள். 2025 யூலையில் மூன்று இடங்கள் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன. இன்றும் மழை பெய்த மறுநாள் தடை விதிக்கிறார்கள் என்று சிலர் கேலி செய்கிறார்கள். நான் அதை நேர்மை என்றே கொள்கிறேன், ஏனெனில் நீரைச் சோதித்து, கெட்டிருந்தால் மூடுகிற நகரத்தை நம்பித்தான் பிள்ளையை இறக்க முடியும்.

எனக்கு இரண்டு குறைகள் உண்டு. லா வில்லெத் இருக்கும் வடகிழக்குப் பகுதிகளில்தான் விடுமுறைக்குப் போகாத குடும்பங்கள் அதிகம். ஆகவே இசைக்கும் நீர் விளையாட்டுக்கும் ஒதுக்கும் பணத்தில் லா வில்லெத்துக்குக் கூடிய பங்கு கொடுக்க வேண்டும். அடுத்தது, நீச்சல் தெரியாத பெரியவர்களுக்கு அங்கேயே இலவசமாகக் கற்றுக்கொடுக்க வேண்டும், அதுவும் பிற்பகல் மூன்று மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில். அடுப்படியில் நிற்பவர்களுக்கு அந்த நேரம்தான் இருக்கிறது. என் மனைவி இரண்டு கோடைகளாக அந்தக் கரையில் துவாயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், இன்னும் இறங்கவில்லை.